நீரைக் கழித்த கழிப்பறை

நகர வீட்டின் கழிப்பறை என்பது, சுவருக்குள் ஓடிவரும் தண்ணீர்க் குழாய், தரைக்கு அடியே செல்லும் பாதாளச் சாக்கடை, அதன் மறுமுனையில் இரவு பகலாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை சேர்ந்த ஒரு பெரும் அமைப்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரே உறுப்பு. அந்த உறுப்பை மட்டும் பெயர்த்தெடுத்துச் சக்கரங்களின் மீது ஏற்றிவிட்டால், அமைப்பின் மற்ற பகுதிகள் செய்துவந்த வேலையை வண்டியே சுமக்க நேரிடுகிறது. வட அமெரிக்கச் சாலைகளில் காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் கேம்பர் டிரெய்லர்கள், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றை ஒரே அறைக்குள் அடக்கிய இழுவை வீடுகள், இந்தச் சுமையை நெடுங்காலமாக நீரைக் கொண்டே சமாளித்து வந்திருக்கின்றன. அண்மைக் காலத்தில் சிறு டிரெய்லர்களின் உரிமையாளர்கள் பலர் நீர்க் கழிப்பறையைக் கழற்றிவிட்டு மட்கு உரக் கழிப்பறையைப் பொருத்தி வருகிறார்கள். மலத்தை நீரில் கரைக்காமல், உலர்ந்த தாவரப் பொருளோடு கலந்து காற்றோட்டத்தில் வைக்கும் இந்த ஏற்பாட்டின் வேதியியலையும் இயற்பியலையும், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதையும் இவ்வத்தியாயம் ஆராய்கிறது.

மூன்று தொட்டிகளின் கணக்கு

வழக்கமான டிரெய்லரில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. குடிக்கவும் கழுவவும் உதவும் நீரைத் தாங்குவது நன்னீர்த் தொட்டி. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர்வது சாம்பல்நீர்த் தொட்டி. கழிப்பறைக் கழிவு மட்டும் விழுவது கருநீர்த் தொட்டி. கழிப்பறைக் கோப்பை பெரும்பாலும் கருநீர்த் தொட்டிக்கு நேர் மேலே அமைந்திருக்கும். கால்மிதியை அழுத்தினால் கோப்பையின் அடியிலுள்ள அடைப்பு விலகி, சிறிதளவு நீருடன் கழிவு தன் எடையாலேயே கீழே விழுகிறது. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் வீட்டுக் கழிப்பறைகளுக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 6 லிட்டர் என்ற உச்சவரம்பை விதித்தது; டிரெய்லரின் கழிப்பறையோ நீண்ட குழாய்வழியே கழிவைத் தள்ளிச் செல்ல வேண்டிய தேவை இல்லாததால், ஒரு முறைக்கு அரை லிட்டர் முதல் 2 லிட்டர் வரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இந்தச் சிக்கனமும் சிறு டிரெய்லருக்குப் போதாது என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 1.4 லிட்டர் சிறுநீரும், 130 கிராமை ஒட்டிய மலமும் கழிக்கிறார் என்று கொண்டால், இருவரின் கழிவு நாளொன்றுக்கு 3 லிட்டர் அளவே ஆகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் நாளுக்கு ஆறு முறை, முறைக்கு 1 லிட்டர் வீதம் நீர் விட்டால், அந்த 3 லிட்டருடன் 12 லிட்டர் நன்னீரும் சேர்ந்து, 60 லிட்டர் கொள்ளளவுள்ள கருநீர்த் தொட்டி நான்கே நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டியில் ஐந்தில் நான்கு பங்கு, பயணிகள் தாங்களே வண்டியில் ஏற்றி வந்த நல்ல தண்ணீராக இருக்கும். தொட்டியைக் காலி செய்ய, முகாமிட்ட இடத்தை விட்டு முழு வண்டியையும் இழுத்துக்கொண்டு கழிவு இறக்கும் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். குழாய் இணைப்பு எதுவும் இல்லாத காட்டுப்புறத்திலோ பாலைநிலத்திலோ பல நாள் தங்க விரும்புவோரின் கால எல்லையை உணவும் எரிபொருளும் தீர்மானிப்பதற்கு முன்பே இந்தத் தொட்டி தீர்மானித்துவிடுகிறது.

சிறு டிரெய்லர்களின் வரலாற்றிலும் கழிவுத் தொட்டிக்கு ஓர் எதிர்பாராத இடம் உண்டு. 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கிய போலர் என்னும் முட்டை வடிவ டிரெய்லர், கண்ணாடியிழையால் வார்த்த இரு பாதிகளை ஒட்டிச் செய்யப்பட்ட, 4 மீட்டர் நீளமே கொண்ட இலகுவான வண்டி. அவர் அதற்கு முன்னர் கண்ணாடியிழையில் செப்டிக் டேங்க் வார்த்தவர், அந்த வார்ப்பு முறையையே வீட்டுக்கும் பயன்படுத்தினார். இவ்வகை வண்டிகளில் தொட்டிக்கும் குளியலறைக்கும் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பதால், கழிப்பறை மாற்றம் பற்றிய ஆர்வம் பெரிய வண்டிகளைக் காட்டிலும் இவற்றின் உரிமையாளர்களிடையே மிகுந்திருப்பது இயல்பே.

தொட்டிக்குள் நடப்பது

மலமும் சிறுநீரும் நீரும் ஒன்றாகத் தேங்கும்போது, நீரில் கரைந்துள்ள சிறிதளவு ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் தொட்டியின் ஆட்சி காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்களின் கைக்குப் போகிறது. இவை கரிமப் பொருளை முழுமையாக எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்க இயலாமல், இடைவழியில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களையும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடையும், மீத்தேனையும் வெளியிடுகின்றன. சிறுநீரிலுள்ள யூரியாவின் கதி வேறு: மலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி அதனை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்க, கலவையின் காரத்தன்மை ஏறி, அம்மோனியா வாயுவாகப் பிரிந்து மூக்கை எட்டுகிறது. ஆக, பொதுவாகக் கழிப்பறை நாற்றம் எனப்படுவதன் பெரும்பகுதி, மலமும் சிறுநீரும் காற்றில்லா ஈரத்தில் ஒன்றுசேர்ந்த பிறகே பிறக்கிறது.

தொட்டியின் வாயுக்களைக் கூரைக்கு மேலே கொண்டுசெல்ல ஒரு போக்குக் குழாய் இருந்தாலும், கால்மிதியை அழுத்தும் கணத்தில் குளியலறையின் கூரை விசிறி ஓடிக்கொண்டிருந்தால் காற்றழுத்தம் தலைகீழாகி, வாயு கோப்பை வழியே அறைக்குள் இழுக்கப்படுகிறது. நாற்றத்தை அடக்கச் சிலர் ஊற்றும் நீலநிற மருந்துகளில் முற்காலத்தில் ஃபார்மால்டிஹைடு முக்கியக் கூறாக இருந்தது. பாக்டீரியாக்களைக் கொன்று சிதைவை நிறுத்திவைக்கும் இப்பொருள், கழிவு இறக்கும் நிலையத்தின் செப்டிக் டேங்கைச் சென்றடைந்தபின் அங்குச் சிதைவு வேலையைச் செய்ய வேண்டிய பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பதால், கலிஃபோர்னியா மாநிலம் இத்தகைய மருந்துகளைச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. நீரை மிச்சப்படுத்த எண்ணிக் குறைவாக நீர் விடுவோர் வேறொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள்: நீர் வடிந்து போக, கோப்பைக்கு நேர் கீழே திடக்கழிவு கூம்பு போல் குவிந்து இறுகி, வடிகால் திறப்புக்கு நகராமல் நின்றுவிடுகிறது. தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதும் தொட்டியைச் சீராக இயக்குவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட தேவைகளாக இருப்பதே நீர் வழியின் அடிப்படைக் குறை.

உலர் வழியின் வரலாறு

கழிவை நீரில் இடாமல் உலர்ந்த பொருளில் புதைக்கும் எண்ணம் டிரெய்லர்களுக்கு முந்தையது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஃபோர்டிங்டன் ஊரின் பாதிரியாராக இருந்த ஹென்றி மூல், 1854ஆம் ஆண்டின் காலரா கொள்ளைநோயை அருகிருந்து கண்டவர். ஆற்றையும் கிணற்றையும் கழிவு நாசமாக்குவதைத் தவிர்க்க, உலர்ந்த மண்ணை மலத்தின் மீது தூவும் பொறியமைப்பு ஒன்றை வடிவமைத்து 1860இல் காப்புரிமை பெற்றார். இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியிலிருந்து கைப்பிடியை இழுத்ததும் ஓரளவு மண் விழும் இந்த மண் கழிப்பறை, பிரிட்டிஷ் இந்தியாவின் சிறைகளிலும் படை முகாம்களிலும்கூடப் பயன்பட்டது. குழாய் நீரும் சாக்கடையும் பரவியபோது நகரங்களில் அது பின்தங்கிப் போயிற்று.

சுவீடனில் பால்டிக் கடற்கரையை ஒட்டி வாழ்ந்த ரிக்கார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் 1939இல் அமைத்த சாய்தளக் கழிப்பறை அடுத்த கட்டம். சரிவான அடித்தளமுடைய பெரிய அறைக்குள் மலமும் சமையலறைக் கழிவும் மெல்ல மெல்லச் சறுக்கி இறங்கும் காலத்திலேயே மட்கும்படி அவர் வகுத்த இந்த அமைப்பு கிளிவஸ் முல்ட்ரம் என்ற பெயரில் வணிகப் பொருளாகி, 1970களில் அபி ராக்கஃபெல்லரின் முயற்சியால் அமெரிக்காவுக்கு வந்தது. பின்னர் 1990களில் ஜோசப் ஜென்கின்ஸ் எழுதி வெளியிட்ட ஹியூமன்யூர் கையேடு, வாளியும் மரத்தூளும் தோட்டத்து உரக்குவியலும் இருந்தாலே போதும் என்ற எளிய முறையைப் பரப்பியது. லிண்ட்ஸ்ட்ரோமின் அறை ஒரு வீட்டின் அடித்தளத்தையே நிறைக்கும். ஜென்கின்ஸின் முறைக்குத் தோட்டம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத படகுகளுக்கும் டிரெய்லர்களுக்கும், நாற்காலி அளவே உள்ள, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே வாங்கும் கருவிகள் பின்னாளில் அமெரிக்காவிலும் சுவீடனிலும் உருவாயின.

இரண்டாகப் பிரியும் பாதை

மனிதக் கழிவின் இரு கூறுகளும் தன்மையில் வெகு தொலைவில் நிற்கின்றன. கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக இருப்பது சிறுநீர். உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடும், பாஸ்பரசில் பாதிக்கு மேலும் அதில்தான் இருக்கின்றன. நோய்க்கிருமிகளோ, சில விலக்குகள் நீங்கலாக, பெரும்பாலும் மலத்தில் குடியிருக்கின்றன. நாளுக்கு 130 கிராம் மலத்தில் முக்கால் பங்கு நீரே என்பதால், சிறுநீர் கலக்காதவரை அதனை உலரவைப்பது எளிது. கலந்துவிட்டால், மிகுந்த நீரும் மிகுந்த நைட்ரஜனும் சேர்ந்து, எவ்வளவு மரத்தூள் இட்டாலும் காற்றுப் புகாத சேறாக அது மாறிவிடும். எனவே டிரெய்லர்க் கழிப்பறையின் இருக்கைக்குள் முன்பக்கம் சரிவான புனல் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அமர்ந்த நிலையில் சிறுநீர் இயல்பாக முன்னோக்கி விழுந்து புனலின் துளைகள் வழியே முன்னாலுள்ள புட்டிக்குச் செல்ல, பின்பக்கத் தட்டியைத் திறந்தால் மலம் நேராகத் திடக்கழிவுக் கலத்தில் விழுகிறது. ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற விதி இந்த வடிவமைப்பின் நேர் விளைவு. வண்டி மட்டமாக நிற்காமல் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் சிறுநீர் பின்கலத்துக்குள் வழியும் என்பதும் அதே காரணத்தால்தான்.

புதிய சிறுநீரின் பி.எச். மதிப்பு, அதாவது அமில காரத் தன்மையைக் குறிக்கும் எண், 6ஐ ஒட்டியது; புட்டியில் சில நாள் தேங்கினால் யூரியா உடைந்து அம்மோனியா பெருகி அம்மதிப்பு 9ஐ எட்டுகிறது. இந்தக் காரச் சூழலில், கரைந்திருந்த மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோடு சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாகப் புனலிலும் குழாயிலும் காரை போல் படிகின்றன. புட்டியை அடிக்கடி காலி செய்து, வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம் கலந்த நீரால் கழுவினால் படிவும் கரையும், வாடையும் அடங்கும். இருவர் பயன்படுத்தும்போது 8 லிட்டர்ப் புட்டி மூன்று நாளைக்குள் நிறைந்துவிடும். ஆக, காலி செய்யும் வேலை பழைய கருநீர்த் தொட்டியைவிட அடிக்கடி வருகிறது. ஆனால் அந்த வேலைக்கு முழு வண்டியை நகர்த்த வேண்டியதில்லை. புட்டியை மூடிக் கையில் எடுத்துச் சென்று முகாமின் பொதுக் கழிப்பறையில் கொட்டிவிடலாம் என்பதே வேறுபாடு.

நாரும் காற்றும்

திடக்கழிவுக் கலத்தில் முன்கூட்டியே நிரப்பப்படும் உலர்பொருள் மூன்று வேலைகளைச் செய்கிறது: ஈரத்தை உறிஞ்சுகிறது, துகள்களுக்கிடையே காற்று புக வழி வைக்கிறது, நுண்ணுயிர்களுக்குக் கரிமத்தை அளிக்கிறது. நுண்ணுயிர்கள் செழிக்க உணவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருப்பது உகந்தது என்று உரத் தயாரிப்பு வல்லுநர்கள் கணிக்கிறார்கள். மலத்தில் இவ்விகிதம் பத்துக்கும் கீழே, மரத்தூளில் சில நூறு. தூளைச் சேர்ப்பது இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலையைத் தேடும் முயற்சி.

வட அமெரிக்காவில் இதற்குப் பீட் பாசியும் தென்னை நார்க்கழிவும் விரும்பப்படுகின்றன. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கையில் உதிரும் பழுப்புத் தூளான நார்க்கழிவு, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது. பொள்ளாச்சி வட்டாரம் அத்தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்று. 650 கிராம் எடையுள்ள ஒரு கட்டி நீரை ஏற்றுப் பொலிந்து சுமார் 8 லிட்டர்த் தூளாக விரியும் என்பதால், இடமில்லாத டிரெய்லரில் மூட்டை மரத்தூளைவிட இதைச் சேமித்து வைப்பது எளிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவின் கரிம நைட்ரஜன் விகிதத்தை 112:1 எனக் குறிக்கிறது. அத்துடன் மரத்தன்மை தரும் லிக்னின் என்னும் பொருள் அதில் மிகுதி என்பதால், தானாக மட்க அது நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும். பண்ணையில் குறையாகக் கருதப்படும் இந்த மந்தத்தன்மை கழிப்பறையில் நன்மையாகிறது: சில வாரங்களில் குழைந்துபோகாமல், துளைகள் அடைபடாமல், காற்றும் ஈரமும் உறவாடும் சட்டமாக அது நிலைத்து நிற்கிறது. கலத்தின் பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சில சுற்றுகள் சுழற்றினால் உள்ளே இருக்கும் துடுப்புகள் புதிய மலத்தைத் தூளுக்குள் புரட்டி மூடுகின்றன. தூள் கையில் பிடித்தால் உதிரும் ஈரத்துடன் இருக்க வேண்டும்; மிகவும் உலர்ந்தால் நுண்ணுயிர்கள் உறங்கும், மிகவும் நனைந்தால் காற்றில்லாச் சிதைவு மீண்டும் தலைதூக்கும்.

காற்றோட்டம் இந்த ஏற்பாட்டின் மூன்றாவது உறுப்பு. கணினிக்குள் இருப்பதைப் போன்ற சிறு 12 வோல்ட் விசிறி கலத்தின் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், கலத்துக்குள் அழுத்தம் அறையைவிடச் சற்றே குறைந்து, தட்டியைத் திறந்தாலும் காற்று அறையிலிருந்து கலத்துக்குள் செல்லுமேயன்றி எதிர்த்திசையில் வராது. 0.1 ஆம்பியர் இழுக்கும் விசிறி நாள் முழுதும் ஓடினால் செலவாவது 2.4 ஆம்பியர் மணி. சிறிய சூரியத் தகடு ஒன்றே அதை ஈடுசெய்துவிடும். இதே விசிறி ஈரத்தையும் வெளியேற்றுகிறது. ஆனால் சிறிய அறையில் வலிமை மிக்க கூரை விசிறியை, சன்னல்களை மூடியபடி ஓடவிட்டால் அது கலத்தின் விசிறியைத் தோற்கடித்துக் காற்றைப் பின்னோக்கி இழுக்கும். கருநீர்த் தொட்டியில் கண்ட அதே அழுத்தச் சிக்கல் இங்கும் உண்டு. சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதே இதற்குத் தீர்வு. போக்குக் குழாயின் வாயில் நுண்வலை இல்லாவிட்டால் ஈக்களும், நனைந்த பீட்டிலும் நார்த்தூளிலும் முட்டையிடும் பூஞ்சைக் கொசுக்களும் குடியேறிவிடும்.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துதல்

மாற்றும் வேலை கருநீர்த் தொட்டியை முழுமையாகக் காலி செய்து பலமுறை அலசுவதில் தொடங்குகிறது. நீரேற்று மோட்டாரை நிறுத்தி, குழாயின் அழுத்தத்தை வடித்தபின், கோப்பைக்கு வரும் நீர் இணைப்பைக் கழற்றி அதன் முனையை நிலையான மூடியால் அடைக்க வேண்டும். தளர்வான மூடி ஓடும் வண்டியின் அதிர்வில் கழன்றால் தரைப்பலகை ஊறிக் கெடும். கோப்பை, தரையில் பதித்த ஃபிளாஞ்ச் எனப்படும் வட்ட விளிம்போடு இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். வீடுகளில் இவ்விடத்தில் மெழுகு வளையம் வைப்பதுண்டு, அதிர்வைத் தாங்க வேண்டிய டிரெய்லரில் ரப்பர் வளையமே வழக்கம். கோப்பையை அகற்றியதும் திறந்து நிற்கும் 3 அங்குலத் துளை தொட்டியின் வாயுக்கள் அறைக்குள் நுழையும் நேர்வழி என்பதால், அதைக் காற்றுப் புகாதபடி அடைப்பது கட்டாயம். சிலர் அத்துளைக்குத் தகுந்த இணைப்பு வைத்து, புதிய கழிப்பறையின் காற்றுக் குழாயை அதன்வழியே செலுத்தி, தொட்டியின் பழைய கூரைப் போக்குக் குழாயையே பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் சுவரிலோ கூரையிலோ புதிதாகத் துளையிட வேண்டியதில்லை. காலியான தொட்டியைச் சாம்பல்நீருக்கு ஒதுக்கினால் பாத்திரம் கழுவும் நீருக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

தொட்டியையே கழற்றிவிட எண்ணுவோர் எடைச் சமநிலையைக் கருத வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் காரின் கொக்கி மீது அழுந்துவது நல்லது. அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், மிகுந்தால் காரின் பின்பகுதி தாழும். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 60 கிலோ எடையுள்ள தொட்டி நிறைந்து நிற்கிறது, கொக்கி அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொண்டால், நெம்புகோல் விதிப்படி அத்தொட்டி கொக்கியின் மீதுள்ள சுமையை 20 கிலோ குறைத்துவந்திருக்கும். தொட்டி நீங்கியதும் அந்த 20 கிலோவும் கொக்கிக்குத் திரும்பும்.

இட அளவில் வேறு சிக்கல்கள் எழுகின்றன. புதிய கழிப்பறையின் கைப்பிடி சுழலப் பக்கத்தில் இடம் வேண்டும். புட்டியை வெளியே எடுக்க மேற்பகுதியைப் பின்னோக்கிச் சாய்க்கும் வகையாயின் சுவருக்கும் அதற்குமிடையே இடைவெளி வேண்டும். இருக்கையின் உயரம் பழையதைவிட மிகுதி என்பதால் குள்ளமானவர்களுக்குக் கால்வைக்கப் படி வேண்டும். மிகச் சிறிய வண்டிகளில் குளிப்பதும் கழிப்பதும் ஒரே இடத்தில் நடப்பதால், குளியல் நீர் காற்றுத் துளைகள் வழியே கலத்துக்குள் தெறிக்காமல் காப்பதும் அவசியம். ஒரு குவளை நீர் உள்ளே போனாலும் பல நாள் காத்த ஈர அளவு குலைந்துவிடும். அதே வேளையில் குளிர்நாட்டுப் பயணிகளுக்கு ஓர் ஆதாயம் உண்டு: நீர்க் கோப்பையின் அடைப்பிதழ்களும் குழாய்களும் உறைந்து வெடிக்கும் அச்சம் உலர்ந்த கழிப்பறைக்கு இல்லை.

வெப்பம் எட்டாத வாளி

இனி முதன்மையான கேள்விக்கு வரலாம்: டிரெய்லரின் கலத்துக்குள் மலம் உண்மையிலேயே உரமாகிறதா? உரக்குவியல் ஒன்றில் நுண்ணுயிர்கள் கரிமத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. வெப்பம் 45 டிகிரி செல்சியசைக் கடந்தால் வெப்பவிரும்பி பாக்டீரியாக்கள் பொறுப்பேற்று, குவியலை 55 முதல் 65 டிகிரி வரை கொண்டுசெல்கின்றன. வெப்பம் உண்டாவது குவியலின் கன அளவைப் பொறுத்தது, வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. தம்ளர் காபி ஆறிப்போகும் நேரத்தில் அண்டா நிறைந்த வெந்நீர் சூடு அதிகம் குறையாமல் இருப்பது போலவே, ஏறத்தாழ 1 கன மீட்டர் அளவுள்ள குவியல்தான் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வல்லது. டிரெய்லரின் கலமோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே; போதாக்குறைக்கு நாற்றத்தைப் போக்கும் விசிறியே வெப்பத்தையும் ஈரத்தையும் இடைவிடாது வெளியேற்றுகிறது. ஆகவே அக்கலம் அறை வெப்பநிலையிலேயே இருக்கும். சில வாரங்களில் மலம் அடையாளம் தெரியாத பழுப்புப் பொடியாக மாறி மண்வாசனை வீசுவது உண்மையே. அது பெரும்பாலும் உலர்தலாலும், தூளுடன் கலந்ததாலும், ஓரளவு மெதுவான சிதைவாலும் நிகழ்வது. நாற்றம் நீங்குவதும் நோய்க்கிருமி நீங்குவதும் இருவேறு நிகழ்வுகள். முதலாவது ஓரிரு நாளில் நடக்கிறது, இரண்டாவதற்கு அக்கலத்தில் வழியே இல்லை.

இதற்குச் சிறந்த அளவுகோல் உருளைப்புழுவாகிய அஸ்காரிசின் முட்டை. தடித்த பல அடுக்கு ஓடுடைய இம்முட்டை உலர்வையும் வேதிப்பொருள்களையும் தாங்கி, மண்ணில் மாதக்கணக்கிலும் சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் உயிர்ப்புடன் இருக்கும். அதைக் கொல்லும் சூழலில் மற்றக் கிருமிகளும் பொதுவாக மடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சாக்கடைக் கசடிலிருந்து செய்யும் உரத்துக்கு மூடிய கலனில் 55 டிகிரியில் 3 நாள், திறந்த வரிசைக் குவியலில் அதே வெப்பத்தில் 15 நாளும் ஐந்து முறை புரட்டுதலும் என்று வரையறுத்துள்ளது. வெப்பமூட்ட வழியில்லாத இடத்தில் காலமே மருந்து: உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், மலத்தைத் தனியே சேமித்து வைக்கும்போது 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலப் பகுதிகளில் ஓராண்டுக்கு மேலும், அதற்குக் குறைந்த குளிர்ப் பகுதிகளில் ஒன்றரை முதல் 2 ஆண்டும் வைக்கப் பரிந்துரைக்கின்றன. சிறுநீருக்கு, பலருடையது கலந்திருந்தால், 20 டிகிரியில் 6 மாதம்.

இரண்டாம் கட்டம் நிகழுமிடம்

இவ்வெண்களை வைத்துப் பார்த்தால் டிரெய்லரிலுள்ள கருவி ஒரு நீண்ட செயல்முறையின் முதல் கட்டத்தை மட்டுமே நிறைவேற்றுகிறது என்பது தெளிவாகும்: அது பிரிக்கிறது, உலர்த்துகிறது, நாற்றமின்றிக் காத்துவைக்கிறது. மட்குதலும் நோய்நீக்கமும் நடக்க வேண்டிய இடம் வேறு. வீட்டில் தோட்டமுடையவர் கலத்தின் பொருளை மூடிய உரத்தொட்டியில் கொட்டி, தோட்டக் குப்பையோடு சேர்த்து ஓராண்டுக்கு மேல் விட்டுவைத்து, பின்பு உணவுப் பயிரல்லாத மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் இடலாம். இடமில்லாதவர் இறுகக் கட்டிய பையில் குப்பையாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான அனுமதி அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், சில நேரம் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. புதர் மறைவில் புட்டியைக் கவிழ்ப்பதும், காட்டில் கலத்தைக் கொட்டிப் புதைப்பதும் எளிதாகத் தோன்றினாலும், ஒரே முகாமிடத்துக்கு ஆண்டு முழுதும் வண்டிகள் வரும்போது அம்மண்ணில் உப்பும் நைட்ரஜனும் கிருமிகளும் குவிந்து, அருகிலுள்ள நீர்நிலைகளைச் சென்றடையும்.

இரண்டாம் கட்டத்தை அமைப்பு முறையில் எப்படி நடத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம், நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்பதால் குழிக் கழிப்பறைகள் சரிப்படாத காவிரிக் கரையில், சிறுநீரைப் பிரிக்கும் சூழலியல் கழிப்பறைகளை நிறுவியது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அங்குள்ள குந்து கோப்பையில் மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒன்று, கழுவும் நீருக்கு மற்றொன்று என மூன்று வழிகள் இருக்கின்றன. மலம் விழும் அறைகள் இரண்டு கட்டப்பட்டு, ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவதால் மூடிய அறைக்குத் தேவையான மாதங்கள் தாமாகவே கிடைக்கின்றன. இந்த ஒப்பீடு டிரெய்லர்க் கருவியின் இரு வரம்புகளைக் காட்டுகிறது. கழுவும் நீருக்கு அதில் வழியில்லை என்பதால் அது துடைக்கும் பழக்கமுடையோருக்கென்றே வடிவமைந்தது. இரண்டாவது அறைக்கு அதில் இடமில்லை என்பதால் காத்திருத்தலை அது வண்டிக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

யாருக்கு ஏற்றது

இருவர் பயணம் செய்யும் சிறு டிரெய்லரில் இம்மாற்றம் நாளுக்கு 12 லிட்டர் நன்னீரை மிச்சப்படுத்துகிறது. 80 லிட்டர் நன்னீர்த் தொட்டி உள்ள வண்டிக்கு இது சிறிய அளவன்று. திடக்கழிவுக் கலத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை காலி செய்தால் போதும். கருநீர்க் குழாயைக் கையாளும் அருவருப்பும் தொட்டி மருந்தும் நீங்குகின்றன. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கோ இதே கருவி நாள்தோறும் புட்டி சுமக்கும் வேலையாக மாறும். வயிற்றுப்போக்கு கண்ட ஒருவர் இருந்தால், அவர் சேர்க்கும் நீர் கலத்தின் சமநிலையை ஒரே நாளில் கெடுத்து, முழுவதையும் கொட்டி மீண்டும் தொடங்க வைக்கும். நீர், மின்சாரம், சாக்கடை ஆகிய மூன்று இணைப்பும் உள்ள முகாம்களிலேயே எப்போதும் தங்குவோருக்கு மாற்றத்தால் கிடைப்பது மிகக் குறைவு, ஏனெனில் அவர்கள் கோப்பைக்குப் பின்னால் நகரத்தின் பெரும் அமைப்பு மீண்டும் வந்து சேர்ந்துகொள்கிறது.

கழிப்பறை வாங்குவோர் வழக்கமாக முதலில் குளியலறையின் அகலத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். அவற்றுக்கும் முன்னதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கலம் நிறைந்தபின் அதன் பொருள் எங்கே செல்லும், அங்கே ஓராண்டு யாருக்கும் தீங்கின்றி அது கிடக்குமா என்பதே. அக்கேள்விக்கு விடை கையில் உள்ளவருக்கு மற்ற வேலைகள் ஸ்பேனரும் அளவு நாடாவும் கொண்டு ஒரு வார இறுதியில் முடியக்கூடியவை; விடை இல்லாதவர் நீரை மிச்சப்படுத்தினாலும் சிக்கலைத் தீர்த்தவராக மாட்டார், அடுத்து வரும் இடத்துக்கு அதைக் கடத்தியவராகவே இருப்பார்.